மணலின் கீழே களி: எழுவான்கரை வீடுகள் ஏன் தாழ்கின்றன?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே போனால், செட்டிபாளையத்தையும் மாங்காட்டையும் தாண்டியதும் தேற்றாத்தீவு வரும். அடுத்தது களுதாவளை, அதற்கப்பால் களுவாஞ்சிக்குடி. கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டின் மேல்தான் எழுவான்கரை ஊர்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. இந்த ஊர்களில் அண்மைக்காலத்தில் கட்டிய வீடுகளைச் சுற்றிப் பார்த்தால் சில குறைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, பின் குசினிக்கும் பெரிய வீட்டுக்கும் இடையே விரல் நுழையும் பிளவு, பூட்டுக்குப் பொருந்தாமல் போன கதவு. “அத்திவாரம் இறங்கிற்று” என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் கேட்டால் பழி முதலில் மேசன் தலையில் விழும், அடுத்ததாகச் சீமெந்தின் மேல் விழும்.

சீமெந்தைக் குறைத்துக் கலப்பவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் சீமெந்து குறைந்த சுவர் பொடிந்து உதிரும். அதனால் வீட்டின் ஒரு பக்கம் கீழே போகாது. வாவியோரத்தில் வீடு தாழ்வதற்குப் பெரும்பாலும் வீட்டைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. காணியை உயர்த்துவதற்காக நாமே கொட்டும் மண்தான் அது. இதை விளங்கிக்கொள்ள, இந்தத் திட்டு எப்படி உண்டானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறி நின்ற காலத்தில் இலங்கையின் கீழைக்கரையோரத் தாழ்நிலங்கள் நீரில் கிடந்தன. அலையும் நீரோட்டமும் கரைக்குச் சமாந்தரமாக மணலைக் குவித்துத் திட்டுகளை எழுப்பின. திட்டுக்கு உள்ளே அகப்பட்ட நீர் வாவியாயிற்று. மட்டக்களப்பு வாவி இன்று ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. வாவியின் மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து மாரி வெள்ளம் கொண்டுவரும் நுண்மண் உப்புநீரைக் கண்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிகிறது. கண்டலும் தில்லையும் புல்லும் மடிந்து அதற்குள் புதைகின்றன. இப்படி உண்டாவதுதான் சுரி: கறுப்பாக, நாற்றத்தோடு, கால் வைத்தால் முழங்கால் வரை விழுங்கும் மண். திட்டும் ஓரிடத்திலேயே நின்றதில்லை. புயலும் வெள்ளமும் மணலை வாவிக்குள் தள்ளிய இடங்களில் பழைய சுரியின் மேல் மணல் போர்த்திக்கொண்டது. முகத்துவாரம் ஒருகாலத்தில் திறந்திருந்து பின்னர் அடைபட்ட இடங்களிலும் இதே கதைதான்.

ஆகவே கடற்கரையிலிருந்து வாவிக்கரைக்கு நடந்தால் காலின் கீழ் மண் மாறிக்கொண்டே வரும். கடலோரத்திலும் திட்டின் முதுகிலும் ஆழமான மணல். மேற்கே சரியச் சரிய மணல் மெலிந்து களி மேலேறும். வயலையும் தரவையையும் கடந்தால் சுரி. மேலே பார்க்க எல்லாம் ஒரே வெள்ளை மணலாகத் தெரியலாம். 3 அடி மணலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை மேற்பரப்பு சொல்லாது.

மணலும் களியும் பாரத்தைத் தாங்கும் விதம் அடியோடு வேறு. மணலில் மணிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும். இடைவெளிகள் பெரியவை, நீர் தடையின்றி ஓடும். பாரம் வைத்தால் தாழவேண்டிய அளவு பெரும்பாலும் கட்டும்போதே தாழ்ந்துவிடும். கூரை போட்டு முடியும்போது கதையும் முடிந்திருக்கும். களி அப்படியல்ல. அதன் துகள்கள் மிக நுண்ணியவை. இடைவெளி எல்லாம் நீர். மேலே பாரம் ஏறினால் முதலில் அந்தப் பாரத்தைச் சுமப்பது துகள் அல்ல, அதற்குள் அடைபட்ட நீர். நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற வேண்டும்; அதன் பிறகே துகள்கள் நெருங்கிப் பாரத்தை ஏற்கும். ஈர மாவைத் துணியில் முடிந்து அம்மிக்கல்லின் கீழ் வைத்தால் எப்படி நீர் வடிந்து முடிச்சு தட்டையாகிறதோ அப்படி. துணியில் அரை நாளில் முடிகிற வேலைக்குக் களியில் ஆண்டுகள் ஆகும்.

இதைக் கணக்காக்கித் தந்தவர் கார்ல் தெர்சாகி. பிராகாவில் 1883இல் பிறந்தவர். முதலாம் உலகப் போர்க்காலத்தில் இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்தபோது எளிய கருவிகளை வைத்துக் களியைப் பிழிந்து பார்த்து, 1925இல் வெளியிட்ட நூலின் மூலம் மண் பொறியியலைத் தனித் துறையாக நிலைநாட்டினார். அவர் கணக்கில் நம் ஊருக்கு மிகவும் வேண்டிய செய்தி ஒன்று: நீர் வெளியேற எடுக்கும் காலம், அது கடக்கவேண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். களிப்படை இரு மடங்கு தடித்தால் காலம் நான்கு மடங்கு. மென்களிக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் ஒரு மதிப்பை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். 2 மீற்றர் களி, மேலே மட்டும் மணல் என்றால், தாழவேண்டியதில் 90 வீதம் தாழ 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 4 மீற்றர் என்றால் 13 ஆண்டுகளுக்கு மேல். அதே 2 மீற்றர் களிக்கு மேலும் கீழும் மணல் இருந்தால் நீர் இரு பக்கமும் வடியும். 10 மாதமளவில் வேலை முடிந்துவிடும். வீடு குடிபுகுந்து ஐந்தாறு வருடம் கழித்து வெடிப்பது ஏன் என்பதற்கு விடை இதற்குள் இருக்கிறது. சேதனப்பொருள் மிகுந்த சுரியில் இன்னொரு தொல்லை. நீர் வடிந்து முடிந்த பிறகும் உக்கிய நார்கள் நசிந்துகொண்டே இருக்கும், வேகம் குறைந்தாலும் நிற்பதில்லை.

இனிப் பாரத்துக்கு வருவோம். தாழ்ந்த காணியை வாங்குபவர் முதலில் செய்வது கிறவல் அடிப்பது. வெள்ளம் ஏறக்கூடாது, வீதி மட்டத்துக்கு வரவேண்டும் என்பது நியாயமான ஆசைதான். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட எவரையும் அதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 10 பேர்ச் காணியை 3 அடி உயர்த்த ஏறக்குறைய 80 கியூப் மண் வேண்டும். அதன் நிறை சுமார் 400 தொன். அந்தக் காணியில் எழும் 500 சதுர அடி ஓட்டுக் கூரை வீடு, அத்திவாரத்தையும் சேர்த்து, 70, 80 தொன் வரும். வீட்டைப்போல ஐந்து மடங்கு பாரத்தை நிலத்தின் மேல் ஏற்றிவிட்டு, வீட்டின் பாரத்தைத் தாங்கத்தான் அத்திவாரத்தைத் திட்டமிடுகிறோம்.

நிறையைவிட முக்கியமானது அது எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது என்பது. 2 அடி அகல அத்திவாரத்தின் அழுத்தம் கீழே போகப் போகப் பரந்து கரைந்துவிடும். 7, 8 அடி ஆழத்துக்குக் கீழே அது மிகச் சிறிதே தெரியும். அதனால் மேலே நல்ல மணல் 8 அடி இருந்தால், அடியில் உள்ள களிக்கு அந்த வீடு வந்ததே தெரியாது. காணி முழுவதும் பரப்பிய மண் அப்படியன்று. அதன் அகலம் பெரிது, ஆகையால் அழுத்தம் குறையாமலே களிப்படையின் அடிவரை போகும். 3 அடிக் கிறவல் சதுர மீற்றருக்கு 1.6 தொன் அழுத்தத்தை ஏற்றுகிறது. 2 மீற்றர் மென்களி அந்த அழுத்தத்தில் சில சென்ரிமீற்றரிலிருந்து 20 சென்ரிமீற்றர் வரை தாழக்கூடும். அத்திவாரத்தை எவ்வளவு அகலமாக, எவ்வளவு கம்பி போட்டுக் கட்டினாலும் இந்தத் தாழ்வு குறையாது. அத்திவாரமும் சேர்ந்தே தாழும், அவ்வளவுதான்.

மணலுக்குக் கீழே களி என்ற இந்தப் பொறியில் பணக்கார நகரங்களும் விழுந்திருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் 2009இல் முடித்த 58 மாடி மிலேனியம் கோபுரத்தின் பைல்கள் இறுகிய மணலில் நிறுத்தப்பட்டன. அதற்குக் கீழே பழைய குடாக்களி. 2016இல் கோபுரம் 16 அங்குலம் தாழ்ந்து சாய்ந்திருப்பது வெளியே தெரிந்தது. பாறைவரை புதிய பைல்கள் இறக்கிச் சரிசெய்ய 2023 வரை ஆயிற்று.

களியின் தாழ்வுக்கு மிக மலிவான மருந்து பொறுத்திருப்பது. பீசா கோபுரமே அதற்குச் சாட்சி. 1173இல் தொடங்கி, சில மாடிகள் எழுந்ததும் 1178 வாக்கில் வேலை நின்றது. போர்களும் பூசல்களுமாக ஏறக்குறைய நூறாண்டு அப்படியே கிடந்து, 1272இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் அடிக்களி நீரை வடித்து இறுகிக்கொண்டது. இடைவிடாமல் கட்டியிருந்தால் கோபுரம் முடிவதற்கு முன்பே களி பிதுங்கிக் கவிழ்ந்திருக்கும் என்பது மண் பொறியியலாளர்களின் பொதுக்கருத்து. தாமதம் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிய கதை இதைவிட வேறொன்று எனக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள். 2013 ஒக்ரோபரில் திறந்த கொழும்பு – கட்டுநாயக்க அதிவேக வீதி, முத்துராஜவெல சதுப்பை ஒட்டிய புற்கரி நிலத்தின் மேல் போகிறது. அங்கே பொறியியலாளர்கள் பல பகுதிகளில் வேண்டிய உயரத்துக்கு மேலாகவே மண்ணைக் குவித்து, களிக்குள் நீர்வடி நாடாக்களை இறக்கி, தாழவேண்டியதை முன்கூட்டியே தாழவைத்து, பிறகுதான் தார் போட்டார்கள். யப்பானின் கன்சாய் விமான நிலையத் தீவு 10 மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. அது தாழும் என்று தெரிந்தே, முனையக் கட்டடத்தின் தூண்களை ஜாக்கி வைத்து உயர்த்தும் ஏற்பாட்டோடு கட்டினார்கள். 1994இலிருந்து விமானங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

எதிர்பார்த்த தாழ்வு கேடில்லை. வீடு முழுவதும் ஒரே சீராக ஓர் அங்குலம் தாழ்ந்தால் வீட்டுக்காரருக்கே தெரியாது. சுவரை உடைப்பது இடத்துக்கிடம் வேறுபடும் தாழ்வு. ஸ்கெம்ப்டனும் மக்டொனால்டும் 1956இல் பல கட்டடங்களின் அளவுகளைத் திரட்டி ஒரு வரம்பு சொன்னார்கள்: இரு தூண்களுக்கு இடையே உள்ள தாழ்வு வித்தியாசம், அவற்றின் இடைவெளியில் 300இல் ஒரு பங்கைத் தாண்டினால் சுவர்கள் வெடிக்கத் தொடங்கும், 150இல் ஒன்றானால் கட்டமைப்புக்கே ஆபத்து. 10 அடி தள்ளி நிற்கும் இரு தூண்களுக்கு முதல் வரம்பு ஒரு சென்ரிமீற்றர்தான். இந்த ஒரு சென்ரிமீற்றரை உண்டாக்க எழுவான்கரையில் வழி ஏராளம். வீட்டின் முன்பாதி திட்டின் மணலிலும் பின்பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்பது முதல் வழி. பத்து வருடம் முன் கட்டி, தாழவேண்டியதெல்லாம் தாழ்ந்து அடங்கிய வீட்டோடு புதுக் குசினியை ஒட்டிக் கட்டி, சுவரோடு சுவர் பிணைத்துவிடுவது இன்னொன்று. புதியது இனிமேல்தான் தாழப்போகிறது. பழையதை இழுத்து உடைக்காமல் விடாது. பழைய வளவுகளில் தூர்த்த கிணறு, மூடிய மலகூடக் குழி, வெட்டிய தென்னையின் அடிக்கட்டை ஆகியவற்றின் மேல் சுவர் போவதும் நடக்கிறது. தென்னங்குற்றி உக்கிப் போக ஆண்டுகள் ஆகும். அதுவரை சுவருக்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

முன்னோர் வீடுகள் ஏன் வெடிக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. களிமண் சுவரும் கிடுகுக் கூரையும் இலேசானவை, தாழ்ந்தால் வளைந்து கொடுக்கும், வெடித்தால் வரும் சித்திரைக்கு மெழுகிவிடுவார்கள். மேலும் அவர்கள் திட்டின் முதுகைத் தேடிக் குடியிருந்தார்கள். பள்ளத்தை வயலுக்கு விட்டார்கள். அது அறிவா, காணி தாராளமாகக் கிடைத்ததா என்று விவாதிக்கலாம். இரண்டும் என்பதே என் எண்ணம். இன்று திட்டு நிறைந்துவிட்டது. வீடுகள் வாவியை நோக்கி இறங்குகின்றன, அதுவும் வளைந்து கொடுக்காத சீமெந்துக் கல்லில்.

நீரும் தன் பங்குக்கு விளையாடும். நிலத்தடி நீர்மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், அதுவரை நீர் தூக்கிப்பிடித்த மண் தன் முழு நிறையோடு கீழே அமரும். அடியிலுள்ள படைகளுக்குச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு தொன் கூடுதல் பாரம். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014இன் இறுதியில் நிலத்தடி நீர் பாயத் தொடங்கியபோது, மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. மெக்சிகோ நகரம் ஏரிக்களியின் அடியிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நீரை இறைத்து, பல மீற்றர் தாழ்ந்திருக்கிறது. எழுவான்கரையில் அந்த அளவுக்கு இறைப்பு இல்லை. ஆனால் தோட்டக் கிணறுகளில் மோட்டார் வைத்துக் கோடை முழுவதும் இறைப்பதும், மாரியில் வாவி நிரம்பி மட்டம் ஏறுவதும், முகத்துவாரம் வெட்டியதும் சட்டென்று இறங்குவதுமாக நிலத்துக்கு ஆண்டுதோறும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. தளர்ந்த மணல் முதன்முறை நனையும்போது கொஞ்சம் அமரும். பீலி இல்லாத கூரையின் நீர் ஒரே மூலையில் கொட்டினால் அந்த மூலை தாழ்வது இதனால்தான். மலகூடக் கசிவுக் குழியை அத்திவாரத்துக்கு அருகே வெட்டினாலும் இதே விளைவு. சீமெந்து வளையம் இறக்கிய கிணற்றில் இறைக்கும்போது மணலும் சேர்ந்து வந்தால், அந்த மணல் அருகிலுள்ள எதன் அடியிலிருந்தோ வருகிறது என்று அறிக. 2004 டிசம்பர் 26 அன்று கரையோர வீடுகள் பலவற்றின் சுவரைச் சுனாமி அலை தள்ளியதோடு நிற்கவில்லை. திரும்பிய நீர் அத்திவாரத்தின் அடி மணலை அரித்துக்கொண்டு போயிற்று. அது தாழ்வென்பதைவிட அடித்தளமே களவுபோனது என்று சொல்வது பொருந்தும்.

எல்லா வெடிப்பும் அத்திவார வெடிப்பு அல்ல. சுவர்ப்பூச்சில் வலைபோல் படர்ந்த மயிரிழைகள் பூச்சு விரைந்து காய்ந்ததால் வந்தவை. தூணின் நீளத்துக்கு நேராக ஓடி, துருக்கறை படிந்த பிளவு உள்ளே கம்பி அரித்ததைக் காட்டும். கடல் மணலைக் கழுவாமல் கலந்த கொங்கிறீற்றில் இது சாதாரணம். கூரைமட்டப் பீமின் அடியில் கிடையாக ஓடுவது வெயிலின் வேலை. தாழ்வின் வெடிப்பு யன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக, கற்கட்டின் சாந்து வழியே படிப்படியாக ஏறும். அது ஏறும் திசையில்தான் தாழும் பக்கம் இருக்கிறது; வீட்டின் ஓர் ஓரம் தாழ்ந்தால் வெடிப்பு மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். இன்னும் தாழ்கிறதா என்று அறிய, வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டித் திகதி எழுதி விடலாம். கண்ணாடி உடைந்தால் நிலம் இன்னும் ஓயவில்லை. ஓயாத வெடிப்பைப் பூசி மறைப்பதைப்போல வீண்செலவு வேறில்லை. ஓய்ந்த வெடிப்பைக் கண்டு வீட்டை இடிப்பதும் அப்படித்தான்.

பாலத்து ஏற்றங்களில் வாகனம் குலுங்குவதைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். பட்டிருப்பிலோ 2014இல் திறந்த மண்முனைப் பாலத்திலோ வாவியைக் கடக்கும்போது பாலத்தின் கால்கள் உறுதியான படையில் ஊன்றி நிற்கின்றன. இரு தலைப்பிலும் உள்ள மண் அணை வாவிப் படிவின் மேல் கிடக்கிறது. ஒன்று நிற்க மற்றது தாழ்ந்தால் இடையில் ஒரு மேடு தோன்றும். உலகெங்கும் பாலங்களுக்கு இந்த நோய் உண்டு. தார் போட்டுப் போட்டுத்தான் சமாளிக்கிறார்கள். பாலம் கட்டும்போது ஆழம்வரை துளையிட்டு மண் எடுத்துப் பார்த்துத்தான் கால்களைத் தீர்மானிக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது என்ன? கட்டுமுன் காணியில் குறைந்தது மூன்று இடத்தில், வீடு வரப்போகும் மூலைகளில், கோடைக்காலத்தில் ஆள் உயரக் கிடங்கு வெட்டிப் பாருங்கள். அதன் அடியிலிருந்து கைத்துரப்பணத்தாலோ நீண்ட இரும்புக் கம்பியாலோ இன்னும் 6 அடி குத்திப் பாருங்கள். கம்பி கையழுத்தத்திலேயே இறங்கினால் நில்லுங்கள், பொறியியலாளர் ஒருவரைக் கேளுங்கள். நிரப்பத்தான் வேண்டுமென்றால் 6 அங்குலம், 9 அங்குலமாகப் பரப்பி நனைத்து இறுக்கி நிரப்பி, குறைந்தது ஒரு முழு மாரியை அதன் மேல் போகவிடுங்கள். மண்ணோடு ஒரு பலகையைப் பதித்து அதன் மட்டத்தை, தூரத்திலுள்ள உறுதியான ஒரு பொருளோடு மாதம் ஒருமுறை ஒப்பிட்டால், நிலம் ஓய்ந்ததா என்பது தெரிந்துவிடும். வெள்ளம்தான் பயமென்றால், காணி முழுவதையும் உயர்த்தாமல் வீட்டை மட்டும் குட்டைத் தூண்களின் மேல் தூக்கிக் கட்டலாம். ஐந்தில் நான்கு பங்கு பாரம் அப்போதே குறைந்துவிடும். தூண்களைச் சுற்றுப் பீமால் பிணைக்க மறக்கக்கூடாது. புதுக் கட்டடத்தைப் பழையதோடு ஒட்டும்போது நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, தகடால் மூடிவிடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், சுவர் பிழைக்கும்.

கடன் வாங்கிக் கட்டுபவருக்கும், தவணைக்குள் முடிக்கச் சொல்லும் வீட்டுத்திட்டத்தில் கட்டுபவருக்கும் ஒரு மாரி பொறுப்பது எளிதல்ல. அரையாண்டுக்குள் காணி நிரப்பி, கட்டி, படம் பிடித்து அனுப்பச் சொல்லும் திட்டங்கள் வாவியோரத்துக்கு ஏற்றவை அல்ல. அந்தத் தவணை அட்டவணையை எழுதுகிறவர்கள் மேசையை விட்டு இறங்கி மண்ணைப் பார்க்க வேண்டும். நிரப்புவதற்கான பணத்தை முதலாம் ஆண்டும் கட்டுவதற்கான பணத்தை அடுத்த ஆண்டும் கொடுப்பதற்குக் கூடுதல் செலவேதும் இல்லை.

துளை மண் விபரங்களுக்கு வருகிறேன். இந்த வாவியின் இரு கரையிலும் பாலங்களுக்கும் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்கும் பாடசாலை மாடிக்கட்டடங்களுக்கும் துளையிட்டு மண் பார்த்த அறிக்கைகள் அலுவலக அலுமாரிகளுக்குள் கிடக்கின்றன. எங்கே மணல் எத்தனை அடி, எங்கே களி தொடங்குகிறது என்பதெல்லாம் பொதுப்பணத்தில் ஒருமுறை அறிந்தவை. மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபை அவற்றைக் கேட்டு வாங்கி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடோ ஒலுவில் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்களைக் கொண்டோ கிராமம் கிராமமாக ஒரு மண் வரைபடமாக்க வேண்டும். வீட்டுப் படத்துக்கு அனுமதி கேட்டு வருபவருக்கு அந்த வரைபடத்தின் ஒரு பிரதியையும் கையில் கொடுக்கட்டும்.